காப்பு விசை ஏன் விழுகிறது?

தில்லி, மும்பை, கொல்கத்தா, நாகபுரி போன்ற நகரங்களில் வாழும் நம்மவருள் பலர் வாடகை வீட்டிலோ அரசாங்கக் குடியிருப்பிலோ வாழ்பவர்கள். சுவருக்குள் ஓடும் மின்கம்பியை நாம் போடவில்லை. போட்டவர் யார் என்பதையும் நாம் அறியோம். நமக்கு முன் குடியிருந்தவர்கள் எந்த இடத்தில் எந்தக் கம்பியை ஒட்டினார்கள் என்பதும் நமக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கம்பியை நம்பியே நம் குழந்தைகள் படிக்கின்றனர். நம் இல்லத்தரசிகள் மாவரைக்கின்றனர். முதியோர் வெந்நீரில் குளிக்கின்றனர். ஆகவே, வீட்டு மின்சாரத்தைப் பற்றிச் சில அடிப்படைச் செய்திகளையேனும் அறிந்திருப்பது, ஊர் விட்டு ஊர் வந்து வாழும் ஒவ்வொரு குடும்பத்தின் கடமையாகும்.

இன்றைய வீடுகள் பலவற்றில், மின்சாரப் பலகையில் வரிசையாகச் சிறு விசைகள் இருக்கின்றன. அவற்றோடு சற்று அகலமான ஒரு விசையும், அதன் முகத்தில் 'டி' என்னும் எழுத்திட்ட ஒரு பொத்தானும் இருக்கும். அகலமான இவ்விசையே மின்கசிவுத் தடுப்பான். மின்பணியாளர் இதனை ஆர்.சி.சி.பி. என்பர், பழைய வழக்கப்படி இ.எல்.சி.பி. என்போரும் உளர். இவ்விசை சில நாள்களில் திடீரெனக் கீழே விழுந்து, வீடு முழுவதையும் இருட்டாக்கிவிடுகிறது. தூக்கி வைத்தால் மீண்டும் விழுகிறது. அப்பொழுது நாம் அதன்மீது கோபம் கொள்கிறோம். உண்மையில் அது நம்மிடம் ஒரு செய்தியைச் சொல்ல வந்திருக்கிறது. அச்செய்தி யாது, அதை எவ்வாறு படித்தறிவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதற்கண், இரண்டு வகை விசைகளின் வேறுபாட்டைத் தெளிந்து கொள்வோம். எம்.சி.பி. எனப்படும் சிறு விசைகள் கம்பியைக் காப்பவை. ஒரு கம்பி தாங்கக்கூடிய அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினாலும், ஃபேஸ் கம்பியும் நியூட்ரல் கம்பியும் ஒன்றோடொன்று நேராகத் தொட்டுக்கொண்டாலும் அவை விழும். முற்காலத்தில் ஃபியூஸ் கம்பி உருகிச் செய்த வேலையை இன்று அவை செய்கின்றன. மின்கசிவுத் தடுப்பானோ மனிதரைக் காப்பது. மின்சாரம் செல்ல வேண்டிய வழியை விட்டு வேறு வழியாக மண்ணுக்குள் இறங்கும்போது அது விழுகிறது.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றியும் கூற வேண்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பே நம் தொழிலாதலின் இது கண்ணில் படுகிறது. எங்கேனும் தீப்பிடித்தால், 'மின்கசிவு காரணமாகத் தீ' என்று செய்தித்தாள்கள் எழுதிவிடுகின்றன. ஆனால் அவற்றுட் பல, இரு கம்பிகள் நேராகத் தொட்டுக்கொள்வதாகிய குறுக்குச் சுற்றினால் நேர்ந்தவையாகவும் இருக்கலாம். அது வேறு, கசிவு வேறு. குடம் உடைந்து நீர் கொட்டுவதற்கும், குடத்தின் அடியில் ஈரம் கசிவதற்கும் உள்ள வேற்றுமை இவற்றுக்கும் உண்டு. உடைப்பு உடனே தெரியும். கசிவு தெரியாது. தெரியாததனாலேயே அது மிகவும் கொடியது.

கசிவை அந்த விசை எவ்வாறு கண்டுகொள்கிறது? ஃபேஸ் கம்பியின் வழியாக வீட்டிற்குள் வரும் மின்சாரம், விளக்கிலோ விசிறியிலோ வேலை செய்துவிட்டு, நியூட்ரல் கம்பியின் வழியாகத் திரும்பிச் செல்கிறது. போனதும் வந்ததும் சமமாக இருத்தல் வேண்டும். தடுப்பானுக்குள் ஓர் இரும்பு வளையம் உண்டு. இரண்டு கம்பிகளும் அவ்வளையத்தினூடே செல்கின்றன. ஒன்றில் செல்வதும் மற்றொன்றில் திரும்புவதும் சமமாக உள்ளவரை, ஒன்றின் காந்த விளைவை மற்றொன்று சரிக்கட்டிவிடும். வளையம் அமைதியாக இருக்கும். திரும்பி வருவதில் சிறிது குறைந்தால் வளையத்தில் காந்தம் தோன்றும். அதன்மேல் சுற்றிய சிறு கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கும். அது விசையைத் தட்டிவிடும். வரவு செலவுக் கணக்கில் ஒரு காசு குறைந்தாலும் பேரேட்டை மூடிவிடும் கண்டிப்பான கணக்கர் ஒருவரை இதற்கு ஒப்பிடலாம்.

வீடுகளில் மனித உயிரைக் காக்கப் பொருத்தும் தடுப்பானின் மேல் 30 மில்லியாம்பியர் என்னும் அளவு எழுதப்பட்டிருக்கும். ஓர் ஆம்பியரை ஆயிரம் கூறாக்கினால் அதில் முப்பது கூறு. 60 வாட் குண்டு பல்பு ஒன்றிற்குச் செல்லும் மின்சாரத்தில் இது ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய அளவை ஏன் வைத்தார்கள்? நம் உடலின் இயல்பே காரணம். ஏறத்தாழ 1 மில்லியாம்பியர் உடலில் பாய்ந்தால் மெல்லிய நடுக்கமாக உணர்கிறோம். 10 மில்லியாம்பியருக்கு மேல் தசைகள் இறுகி, பிடித்த பொருளை விட இயலாமற் போகலாம். 30 மில்லியாம்பியர் அளவில் மூச்சு விடுவது கடினமாகும். அதற்கு மேல் சில விநாடி நீடித்தால் இதயத்தின் துடிப்பு ஒழுங்கு குலைந்து உயிருக்கே ஆபத்து நேரும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சீல், மின்சாரம் மனித உடலை எவ்வாறு தாக்குகிறது என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1961-ஆம் ஆண்டு இவ்வகைக் கருவி ஒன்றை உருவாக்கினார். 30 மில்லியாம்பியர் கசிந்தால் 0.3 விநாடிக்குள்ளும், அதன் ஐந்து மடங்கு கசிந்தால் 0.04 விநாடிக்குள்ளும் விழ வேண்டும் என்பது இன்றைய தடுப்பான்களுக்கு வகுத்த இலக்கணம்.

நம் நாட்டில் மத்திய மின்சார ஆணையம் 2010-ஆம் ஆண்டில் வெளியிட்ட பாதுகாப்பு விதிகளிலும், அவற்றிற்குப் பதிலாக 2023-ஆம் ஆண்டில் வந்த விதிகளிலும் இக்காப்புக் கருவி இடம் பெற்றுள்ளது. எனினும் பழைய வீடுகள் பலவற்றில் இன்னும் அது இல்லை. இருக்கும் வீடுகளிலும் சில இடங்களில் அது பெயரளவிற்கே நிற்கிறது. அதற்குக் காரணம் பின்னர்க் கூறுவோம்.

இனி, விசை விழுந்தால் செய்ய வேண்டுவது யாது என்று பார்ப்போம்.

முதலில் செய்ய வேண்டியது, ஒரு நிமிடம் நின்று எண்ணிப் பார்த்தல். விழுந்த நேரம் எது? அப்பொழுது வீட்டில் யார் எதைப் போட்டார்கள்? வெந்நீர்க் கெய்சரா, இஸ்திரிப் பெட்டியா, நீரேற்றும் மோட்டாரா? மழை பெய்துகொண்டிருந்ததா? சுவர் வெள்ளையடித்தார்களா? புதிதாகச் சுவரில் ஆணி அடித்தோமா? எவரேனும் ஏதேனும் பொருளைத் தொட்டபோது சுருக்கென்று உணர்ந்தார்களா? இவ்வினாக்களுக்கு விடை கிடைத்தால் பாதிக் குற்றம் கண்டுபிடிக்கப்பட்டதாகும். எவரேனும் சுருக்கென்று உணர்ந்திருந்தால், அப்பொருளை அன்று முதல் யாரும் தொடலாகாது.

இரண்டாவதாக, விழுந்தது எந்த விசை என்று பார்க்க வேண்டும். சிறு விசைகளுள் ஒன்று விழுந்திருந்தால் அது சுமை மிகுதியோ குறுக்குச் சுற்றோ ஆகும். அகன்ற தடுப்பான் விழுந்திருந்தால் அது கசிவு. மருத்துவர் காய்ச்சலையும் காயத்தையும் பிரித்தறிவது போன்றது இது.

மூன்றாவதாக, கைகள் உலர்ந்திருக்க, காலில் செருப்பு அணிந்து, வீட்டிலுள்ள பிளக்குகள் யாவற்றையும் பிடுங்கிவிட வேண்டும். சுவர் விசையை அணைத்தால் மட்டும் போதாது. ஏனெனில் நம் வீடுகளில் உள்ள சாதாரண விசைகள் ஃபேஸ் கம்பியை மட்டுமே துண்டிக்கின்றன. நியூட்ரல் கம்பி அப்படியே தொடர்ந்து நிற்கிறது. ஒரு கருவிக்குள் நியூட்ரல் கம்பி அதன் இரும்பு உடலைத் தொட்டுக்கொண்டிருந்தால், விசையை அணைத்தாலும் குற்றம் நீங்காது. ஆகவே பிளக்கை அடியோடு வெளியே எடுப்பதே முறை. குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், நீர் வடிகட்டி, கைப்பேசிக்கு மின்னூட்டும் சிறு கருவி ஆகிய எதையும் மறத்தல் கூடாது.

நான்காவதாக, தடுப்பானைத் தூக்கி வைக்க வேண்டும். சில வகைத் தடுப்பான்களை முதலில் முழுவதும் கீழே தள்ளிப் பின்னரே மேலே தூக்க வேண்டும். தூக்கியபின் அது நின்றால், குற்றம் பெரும்பாலும் பிடுங்கிய கருவிகளுள் ஒன்றில் இருக்கிறது. இனி ஒவ்வொன்றாகச் செருகி, இயக்கி, சிறிது நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். எதைச் செருகும்போது விசை விழுகிறதோ, அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மற்றவற்றைச் செருகிப் பார்க்க வேண்டும். மற்றவை யாவும் ஓடும்போது விசை நின்றால், தனியே வைத்ததன்மேல் ஐயம் வலுக்கிறது.

யாவற்றையும் பிடுங்கிய பின்னும் விசை விழுமானால், குற்றம் சுவருக்குள் உள்ள கம்பியிலோ, விளக்கு, விசிறி, பிளக்கின்றி நேராக இணைத்த கெய்சர் போன்றவற்றிலோ இருக்கலாம். அப்பொழுது சிறு விசைகள் அனைத்தையும் கீழே இறக்கிவிட்டுத் தடுப்பானைத் தூக்கி, பின் சிறு விசைகளை ஒவ்வொன்றாக மேலேற்றிப் பார்க்க வேண்டும். எதை ஏற்றும்போது விழுகிறதோ, அவ்வழியிலுள்ள அறைகளைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு மேல் நாம் செல்லலாகாது. பலகையின் மூடியைத் திறப்பதும், கம்பியைக் கழற்றுவதும் உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. தடுப்பான் விழுந்துவிட்டாலும், மீட்டரிலிருந்து அதுவரை வரும் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும் என்பதை மறத்தல் கூடாது.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததை இங்கே கூறுவது பயன்படும். தில்லியில் ஒரு மூன்றாம் மாடி வாடகை வீடு. மார்கழிக் குளிர். விடியற்காலையில் கெய்சரைப் போட்டால் ஐந்தாறு நிமிடங்களில் தடுப்பான் விழுந்துவிடும். முதலில் வாரத்தில் ஒரு நாள் விழுந்தது. பிறகு நாள்தோறும் விழலாயிற்று. வீட்டில் முதிய மாமியார் இருந்தார், பள்ளிக்குச் செல்லும் குழந்தைகள் இருவர் இருந்தனர், வெந்நீரின்றி முடியாது. அழைத்து வந்த மிஸ்திரி பலகையைப் பார்த்துவிட்டு, 'இந்த விசைதான் கெட்டுவிட்டது, டைரக்ட் கர் தேத்தா ஹூம்' என்றார். உள்ளே வரும் கம்பியையும் வெளியே செல்லும் கம்பியையும் நேராகச் சேர்த்து, தடுப்பானை ஒதுக்கிவிடுகிறேன் என்பது இதன் பொருள். பத்து நிமிட வேலை, கூலியும் குறைவு, அன்று முதல் விசை விழவே விழாது. கணவருக்கு அலுவலகத்திற்கு நேரமாகிவிட்டது. ஆகட்டும் என்று சொல்லிவிடலாம் என்றே அவருக்குத் தோன்றியது. அம்மையார் உடன்படவில்லை. 'கெய்சரைப் போட்டால் மட்டுந்தானே விழுகிறது? விசை கெட்டிருந்தால் மற்ற வேளையிலும் விழ வேண்டாமா?' என்று கேட்டார். கேள்வி மிக எளிது; ஆனால் அதற்கு மிஸ்திரியிடம் விடையில்லை. இரண்டு நாள் அடுப்பில் வெந்நீர் வைத்தார்கள். மூன்றாம் நாள் வேறொரு பணியாளர் வந்து கெய்சரைக் கழற்றினார். உள்ளே சூடேற்றும் குழாயில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு இருந்தது.

அக்குழாயின் அமைப்பைப் பார்த்தால் நடந்தது விளங்கும். வெளியே உலோக உறை. நடுவே நிக்ரோம் கம்பிச்சுருள். இரண்டுக்கும் இடையே மக்னீசியம் ஆக்சைடு என்னும் வெள்ளைத் தூள் இறுக நிரப்பப்பட்டிருக்கும். அத்தூள் வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. உப்பு மிகுந்த நீரில் குழாயின்மேல் வெள்ளைப் படிவு ஏறுகிறது. படிவு ஏறினால் குழாய் அளவுக்கு மேல் சூடாகி நாளடைவில் வெடிக்கிறது. வெடிப்பின் வழியே ஈரம் புகுந்தால் அத்தூள் மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்கும். சூடேறும்போது வெடிப்பு விரிவடையலாம். அதனாலேயே போட்டவுடன் விழாமல், சில நிமிடங்கள் கழித்து விழுந்தது. 2000 வாட் கெய்சர் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கிறது. அதில் முந்நூற்றில் ஒரு பங்கு வழிதவறினால் தடுப்பான் விழுந்துவிடும்.

அன்று டைரக்ட் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? விசை விழாது. கசிவோ நாளுக்கு நாள் வளரும். எர்த் கம்பி நன்றாக இருக்கும்வரை அது மண்ணுக்குச் சென்றுகொண்டிருக்கும். என்றேனும் ஒரு நாள் எர்த் கம்பி தளர்ந்தால், குழாயும் குளியலறை நீரும் மின்சாரத்தைச் சுமந்து நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்பவர் குழாயைத் திருகத் தொடுவார். அவருக்குக் காவல் எதுவும் இராது. அவ்வீட்டில் முதலில் குளிப்பவர் அந்த மாமியார். ஆகவேதான் நாம் கூறுகிறோம்: விழுகின்ற விசை நம் பகைவன் அன்று; விழாமல் செய்துவிடுகிறேன் என்ற சொல்லே பகை.

ஹிந்தி வழங்கும் ஊர்களில் உள்ள நம்மவர் இரண்டு தொடர்களை மனனம் செய்துகொள்ளுதல் நன்று. 'டைரக்ட் மத் கீஜியே' என்பது ஒன்று. நேராகச் சேர்க்காதீர்கள் என்பது பொருள். 'லீகேஜ் டூண்டியே' என்பது மற்றொன்று. கசிவைத் தேடுங்கள் என்பது பொருள். மொழி போதாமையால் தலையசைத்துவிடுவது இவ்விஷயத்தில் கூடாது. 30 மில்லியாம்பியர் தடுப்பானை எடுத்துவிட்டு 100 அல்லது 300 மில்லியாம்பியர் தடுப்பானைப் போடுவதும் ஏறக்குறைய டைரக்ட் செய்வதை ஒத்ததே. அப்பெரிய அளவுகள் தீ விபத்தைத் தடுப்பதற்கு உதவும். மனித உடலைக் காக்க உதவா.

எர்த் கம்பியைப் பற்றியும் சிறிது கூறுவோம். மூன்று முள் பிளக்கில் மேலே உள்ள பருத்த முள்ளே எர்த். கருவியின் உலோக உடலோடு அது இணைந்திருக்கிறது. ஃபேஸ் கம்பி அவ்வுடலைத் தொட்ட கணமே மின்சாரம் எர்த் வழியாக மண்ணுக்கு இறங்கும். தடுப்பானும் அக்கணமே விழும். எர்த் இல்லாவிட்டால் மின்சாரம் அங்கேயே காத்திருக்கும். யாரேனும் ஒருவர் தொட்டபின்னரே, அவர் உடலின் வழியாக அது மண்ணுக்குச் செல்லும். அப்பொழுதுதான் தடுப்பான் விழும். உயிர் தப்பலாம், ஆனால் அடி விழுந்தபின் தப்புவது அது. எர்த் இருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே விசை விழுந்துவிடுகிறது. ஆகவே பருத்த முள்ளை வெட்டிவிட்டு இரண்டு முள் துளையில் செருகும் வழக்கத்தை அறவே ஒழிக்க வேண்டும்.

வடநாட்டுக் கோடையில் இது மேலும் இன்றியமையாதது. லூ என்னும் வெங்காற்று வீசும் மாதங்களில் இரும்புத் தகட்டால் ஆன கூலர் பல வீடுகளின் சன்னலில் அமர்ந்திருக்கும். அதன் அடியில் தொட்டி நிறைய நீர், அந்நீருக்குள் ஒரு சிறு பம்பு, மேலே மின்விசிறி. நீரும் இரும்பும் மின்சாரமும் ஒன்றாய்க் கூடிய பொருள் அது. பம்பின் கம்பியுறை ஊறி நைந்தால், நீரும் தகடும் மின்னேறி நிற்கும். வாளியால் நீர் ஊற்றுவோர் ஈரக் கையோடு அதைத் தொடுவர். கூலரால் நேரும் உயிரிழப்பைப் பற்றிக் கோடைதோறும் செய்தி வருகிறது. நீர் ஊற்றுமுன் பிளக்கைப் பிடுங்குக. கூலருக்கு எர்த் உண்டா என்று ஆண்டுதோறும் பருவத் தொடக்கத்தில் பார்க்கச் செய்க. நீர் ஊற்றும்போதெல்லாம் தடுப்பான் விழுமானால் பம்பை மாற்றுக. வாளியில் வைத்து வெந்நீர் காய்ச்சும் ராடுக்கும் இதுவே விதி. அது செருகியிருக்கும்போது நீரைத் தொட்டுச் சூடு பார்த்தல் கூடாது.

சில குற்றங்கள் எளிதில் பிடிபடாமல் நம்மை ஏமாற்றக்கூடியவை. அவற்றுள் முதன்மையானது நியூட்ரல் கம்பியும் எர்த் கம்பியும் எங்கேனும் ஒன்றையொன்று தொடுவது. நாம் கேட்டறிந்த ஒரு வீட்டில் இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் விசை விழுந்தது. புதிய பெட்டி வாங்கினார்கள், அப்பொழுதும் விழுந்தது. உண்மையில் இஸ்திரிப் பெட்டியில் குற்றமே இல்லை. கூடத்தில் சுவாமி படம் மாட்ட அடித்த ஆணி, சுவருக்குள் சென்ற நியூட்ரல் கம்பியையும் எர்த் கம்பியையும் சேர்த்துக் குத்தியிருந்தது. வீட்டில் குறைந்த மின்சாரம் ஓடும்போது அவ்வழியே கசிவது சிறிதளவே; விசை நிற்கும். இஸ்திரிப் பெட்டி போன்ற பெருஞ்சுமை ஏறும்போது, நியூட்ரல் வழியே திரும்ப வேண்டிய மின்சாரத்தில் ஒரு பகுதி எர்த் வழியாக ஓடிவிடும், விசை விழும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுவே. மேலும், சாதாரணச் சிறு விசைகள் ஃபேஸை மட்டுமே துண்டிப்பதால், குற்றமுள்ள வழியின் சிறு விசையை இறக்கினாலும் இக்குற்றம் மறைவதில்லை. எந்தப் பெருஞ்சுமையைப் போட்டாலும் விசை விழுகிறது, ஆனால் எந்தக் கருவியிலும் குற்றம் காணவில்லை என்றால், நியூட்ரலை ஐயுறுக. பணியாளர் ஒவ்வொரு வழியின் நியூட்ரல் கம்பியையும் பலகையிலிருந்து தனித்தனியே கழற்றிச் சோதித்தால்தான் அது அகப்படும்.

இரண்டாவது, இன்வர்ட்டர் இணைப்பு. மின்தடைக்கு அஞ்சி அதனைப் பொருத்தும்போது, சிலர் ஃபேஸ் கம்பியைத் தடுப்பானின் வழியாகவும், நியூட்ரல் கம்பியைத் தடுப்பானுக்கு வெளியேயும் இணைத்துவிடுகின்றனர். அப்பொழுது கசிவே இல்லாவிடினும் கணக்கு ஒவ்வாது, விசை விழும். இன்வர்ட்டர் வந்த நாள் முதலாகத் தொல்லை தொடங்கியிருந்தால், முதலில் அவ்விணைப்பைப் பார்க்கச் சொல்ல வேண்டும். மூன்றாவது, பல சிறு கசிவுகள் ஒன்றுசேர்வது. கணினி, தொலைக்காட்சி, எல்.இ.டி. விளக்கு முதலியவற்றில் இயல்பாகவே மிகச் சிறிதளவு மின்சாரம் எர்த் பக்கம் செல்வதுண்டு. 30 மில்லியாம்பியர் தடுப்பான் 15 மில்லியாம்பியருக்கு மேல் எங்கு வேண்டுமானாலும் விழலாம் என்பது அதன் இலக்கணம். ஆதலின், தனித்தனியே குற்றமற்ற பொருள்கள் பல கூடி ஒரு தடுப்பானை விழச் செய்யலாம். வீட்டை இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் ஒரு தடுப்பான் வைப்பதே இதற்குப் பரிகாரம். கோடை விடுமுறைக்கு ஊருக்குச் சென்ற வேளையில் விசை விழுந்து, குளிர்பதனப் பெட்டியில் உள்ளவை அழுகிப் போவதையும் இதனால் தவிர்க்கலாம்.

மும்பை, கொல்கத்தா போன்ற ஊர்களில் மழைக்காலமே கசிவின் காலம். வெளிச்சுவர் ஊறுகிறது, வெளி விளக்கின் மூடிக்குள் நீர் இறங்குகிறது, மாடியில் நிற்கும் குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டி நனைகிறது. மழை பெய்தால் விழுந்து, வெயில் அடித்தால் நிற்கும் விசையைக் கண்டு, தானே சரியாகிவிட்டது என்று எண்ணுதல் தவறு. ஈரம் உலர்ந்தது, வழி அடைபடவில்லை. அடுத்த மழைக்கு அது மீண்டும் திறக்கும்.

பணியாளர் வந்தால் அவரிடம் மெகர் என்னும் கருவி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். விரலால் தட்டியும், டெஸ்டரை வைத்துப் பார்த்தும் கசிவை அளக்க முடியாது. மெகர் 500 வோல்ட் அழுத்தத்தில் கம்பியுறையின் வலிமையைச் சோதிக்கிறது. கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள தடை ஒரு மெகாஓமுக்குக் குறைந்தால் அவ்வழி ஐயத்திற்குரியது. இச்சோதனைக்கு முன், மின்சாரத்தை நிறுத்தி, கணினி, தொலைக்காட்சி முதலிய நுண்கருவிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லையேல் அவை பழுதாகும். தடுப்பானிலிருந்து வீட்டிற்குள் செல்லும் கம்பிகள் அனைத்தையும் பணியாளர் கழற்றிய பின்னும் விசை நிற்கவில்லை என்றால் மட்டுமே, தடுப்பான் கெட்டுவிட்டது என்ற தீர்ப்பை நாம் ஏற்கலாம். நாம் குறித்து வைத்த நேரம், கருவி, அறை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தால், அவர் வேலையும் எளிதாகும். நம் செலவும் குறையும். வீட்டுச் சொந்தக்காரருக்கும் அத்தாளின் நகல் ஒன்றை அனுப்புதல் நலம்.

தடுப்பான் உண்டு என்பதனால் எல்லாத் தீங்கும் நீங்கியது என்று எண்ணிவிடலாகாது. ஒருவர் ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் தொட்டால், உலர்ந்த மரப்பலகையின் மேல் நிற்கும் அவரை அது காக்காது. ஏனெனில் அங்கே போனதும் வந்ததும் சமம். ஒருவேளை எவரையேனும் மின்சாரம் தாக்கினால், அவரை வெறுங்கையால் பிடித்து இழுக்கலாகாது. முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அது கைக்கெட்டாவிட்டால் உலர்ந்த மரக்கோலால் அவரை விலக்க வேண்டும். மூச்சு நின்றிருந்தால், பயிற்சி உடையோர் உடனே மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க முயல, மற்றொருவர் 112 என்ற எண்ணை அழைக்க வேண்டும். விழித்தெழுந்து நலமாக இருப்பதாகச் சொன்னாலும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

இறுதியாக, 'டி' என்னும் பொத்தானைப் பற்றி ஒரு சொல். அதை அழுத்தினால், தடுப்பானுக்குள்ளேயே ஒரு சிறு செயற்கைக் கசிவு உண்டாகி, விசை விழ வேண்டும். பல ஆண்டுகள் அசையாமல் கிடந்த விசை இறுகிப்போய், வேண்டிய நேரத்தில் விழாமல் நின்றுவிடலாம். ஆகவே மாதந்தோறும் முதல் தேதியில் ஒருமுறை அதை அழுத்திப் பார்க்கும் வழக்கத்தை மேற்கொள்க. விழுந்தால் தூக்கி வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கலாம். விழாவிட்டால், ஒன்று டைரக்ட் செய்யப்பட்டிருக்கிறது, அல்லது கருவி பழுதடைந்திருக்கிறது. இரண்டாயினும் அன்றே பணியாளரை அழைக்க வேண்டும். புதிய வாடகை வீட்டிற்குக் குடிபோகுமுன், குழாயில் நீர் வருகிறதா என்று பார்க்கிறோம். கதவின் தாழ் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். மூன்றாவதாக இந்தப் பொத்தானையும் அழுத்திப் பார்ப்போமாக. பால் காய்ச்சுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அது.